கண்ணைத் தாழ்த்திக் குனிந்தவள்

அனாய்க்கு ஹிசானோக்கா மேல் ஒரு மனத்தாங்கல். நேற்று இன்று வந்ததல்ல. அவன் தலை கன்னங்கரேலென்று இருந்த காலத்தில் வந்து உட்கார்ந்தது, தலை பாதி நரைத்த பிறகும் எழுந்து போகவில்லை. என்னவென்று கேட்டால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்லவும் மாட்டான். அவள் அவனுக்குச் சரியாகக் குனிவதில்லை. அவ்வளவுதான்.

குனியவே இல்லையென்றால் நேராகப் போய்ச் சண்டை பிடித்திருப்பான். அவள் கூடுதலாகக் குனிந்தாள். வம்பே அங்கேதான்.

மூங்கில் வாள் பழகுகிற வாள்கூடத்தில் இரண்டு வணக்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் முன்சுவருக்கு ஒன்று. அங்கே சாமி மாடம் இருக்கிறது. இடுப்பு நன்றாக மடங்க வேண்டும், கண் தரையில் இருக்க வேண்டும். எதிரே மூங்கில் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குக் கொடுப்பது இன்னொன்று. உடம்பு கொஞ்சம்தான் சாயும். கண் அவன் கண்ணை விட்டு நகராது. சுவர் அடிக்காது, ஆள் அடிப்பான். ‘நீ அடிக்கத் தெரிந்தவன், உன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு’ என்று காட்டுவதுதான் அங்கே ஒருவனுக்குக் கொடுக்கிற மரியாதை. கண்ணைக் கீழே போட்டுவிட்டால், ‘உன்னை எதற்கய்யா பார்க்க வேண்டும், நீ என்ன செய்துவிடப் போகிறாய்’ என்று அர்த்தம்.

ஹிசானோக்காவுக்கு இது தெரியாதென்று சொல்ல முடியாது. தபால்காரர் தானோவுக்குச் சரியாகக் குனிந்தாள். நேற்று வந்து சேர்ந்த பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கும் கண்ணைப் பார்த்தே குனிந்தாள். அனாய் எதிரே வந்து நின்றால் மட்டும் இடுப்பை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, சாமி மாடத்துக்குச் செய்கிறதை அவனுக்குச் செய்தாள். பிறகு நிமிர்ந்து, அவன் யோசித்து முடிப்பதற்குள் மணிக்கட்டில் ஒன்று போட்டாள்.

“என்னைச் சுவருன்னு நினைச்சுட்டா அந்தப் பொம்பளை,” என்று வீட்டில் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்வான்.

அவன் மனைவி மசூமி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “சுவருன்னா பேசாம இருக்கும். நீ எங்க இருக்கே?” என்பாள்.

அனாய் ஹிதா என்கிற ஊரில் மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு முடித்துக்கொண்டு, அப்பா வேலை செய்த அதே மில்லில் சுகி என்கிற தேவதாரு மரம் தூக்கப் போனவன். பேச்சு குறைவு, கோபம் தாராளம். ஊரில் அவனுக்கென்று மரியாதை கிடைக்கிற இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். மில்லில் முதலாளி மகன், அவனைவிட வயதில் பாதி இருப்பவன், “அனாய், அதைத் தூக்கு” என்பான். கூடத்தில் அதே பையன் வந்தால் அனாயைப் பார்த்துக் குனிந்துவிட்டுத்தான் வாளை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஒருத்தி தன்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்றால் உறுத்தாதா?

அதுவும் யார்? ஹிசானோக்கா.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூன்றாவது சந்தில் அவளுடைய டோஃபு கடை, அதாவது சோயாப் பால்கட்டிக் கடை இருந்தது. புருஷன் போன பிறகு தனி ஆளாக நடத்தினாள். விடியுமுன் சோயா அரைக்கிற சத்தம் கேட்டுத்தான் அந்தச் சந்து கண் விழிக்கும். ஒரு மழைக்கால முடிவில், டோஃபு பொரிக்கிற எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்த கிழவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கப் போனாள். கிழவருக்குக் காது மந்தம். ஒன்று கேட்டால் ஒன்று சொன்னார். அவள் திரும்பி வரும்போது எண்ணெய் பற்றி, கூரைக்கு ஏறியிருந்தது.

கடை போயிற்று. இடப்பக்கம் ஒரு வீடு போயிற்று. வலப்பக்கம் அனாயின் அப்பா வீட்டில் பின்கட்டு முழுக்கக் கரியாயிற்று. குளியலறை, விறகு, செத்துப்போன அம்மாவின் துணிப்பெட்டி எல்லாம். உயிருக்கு ஒன்றுமில்லை.

ஹிதாவில் எல்லாமே மரம்தான், வீடும் சரி, பிழைப்பும் சரி. திருடினவனைக்கூட அந்த ஊர் ஒரு நாள் மன்னித்துவிடும். தீப்பிடிக்க விட்டவளை மன்னிக்காது.

மறுநாள் காலையிலேயே ஹிசானோக்கா கிளம்பிவிட்டாள். தலைமுடி ஓரத்தில் பொசுங்கியபடி, யாரோ கொடுத்த கறுப்பு உடையில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினாள். அனாயின் அப்பா அப்போது அனாய் வீட்டில்தான் தங்கியிருந்தார். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தார். திரும்பவில்லை. கதவைத் திறந்தது அனாய்தான். கீழே கிடந்த அந்தத் தலையைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல், “சரி, சரி” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

அதற்கப்புறம் தெருவில் அவள் குனிந்தால் யாரும் பதிலுக்குக் குனியவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் குனிகிற நேரம் பார்த்து ஒருவருக்குச் செருப்பு கழன்றுவிடும், ஒருத்திக்குக் கூடையில் ஏதோ தேட வேண்டியிருக்கும். ஸ்டேஷன் பின்னால் ஒரு பழைய சைக்கிள் கடையை வாடகைக்கு எடுத்து மறுபடி டோஃபு போட ஆரம்பித்தாள். வாங்கினவர்கள் எல்லாம் ரயிலில் வந்து போகிறவர்கள். பழைய சந்திலிருந்து டோஃபு வாங்க ஒரு கிண்ணம்கூட வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வாள்கூடத்துக்கு வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள். வாளைக் கையால் தொட்டதில்லை. கூடத்தை நடத்துகிற கஜிவாரா மாஸ்டர் அவளோடு வாசலில் கொஞ்ச நேரம் பேசினார், உள்ளே கூட்டி வந்தார். உள்ளே இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மாஸ்டர் அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது வாள் இல்லை, வணக்கம்தான். சுவருக்கு எப்படி, ஆளுக்கு எப்படி என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். சொல்லிவிட்டு, “அனாய், நீ போய் நில்லு. இவங்க உன் தலையில அடிச்சுப் பழகட்டும்” என்றார்.

வேண்டுமென்றே தன்னைக் கூப்பிட்டாரோ என்று அனாய்க்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். எரிந்த வீட்டுக்காரன் அவன்தானே. ஆனால் அதை நினைத்துப் பார்க்க அன்றைக்கு அவனுக்கு வசதியில்லை. பகல் முழுக்க மில்லில் ஈர மரம் ஏற்றியிருந்தான். கவசம் கட்டும்போதே இடுப்பில் ஏதோ முணுமுணுத்தது. கம்பி வைத்த முகக்கூட்டை மாட்டிக்கொண்டு அவள் எதிரே போய் நின்றான். அவள் மாஸ்டர் சொன்னபடியே கொஞ்சமாகச் சாய்ந்து, அவன் கண்ணைப் பார்த்தாள். இவனும் சாய்ந்தான்.

சாய்ந்தவன் அங்கேயே நிற்கவில்லை. இடுப்பு ‘கடக்’ என்றது. மேல் உடம்பு தானாகக் கீழே போயிற்று. பாதி மடிந்து, தரைப் பலகையைப் பார்த்தபடி, மூச்சு விட முடியாமல் அப்படியே நின்றுவிட்டான். பலகையில் மரக்கணு ஒன்று முடிச்சாக இருந்தது. அந்த முடிச்சை இன்றைக்கும் வரைந்து காட்டுவான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் நிமிர்ந்தான். நிமிரும்போது வாயிலிருந்து ஒரு அலறல் வந்தது. அங்கே எல்லாரும் அலறிக்கொண்டுதான் அடிப்பார்கள், ஆகையால் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நல்ல குரல்,” என்றார் மாஸ்டர்.

மற்றதெல்லாம் அவனுக்குப் புகைமூட்டம். அவள் தலையில் அடித்ததும், அது வலிக்காததும், மற்ற எல்லாம் வலித்ததும் நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பத்து நாளைக்கு மேல் படுத்துவிட்டான். மில்லுக்கும் கூடத்துக்கும் சளிக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னான். நாற்பதுகூட ஆகாத ஆள், மரம் தூக்கிப் பிழைக்கிறவன், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எந்த வாயால் சொல்வது? திரும்பக் கூடத்துக்குப் போனபோது ஹிசானோக்கா அவன் முன்னால் வந்து நின்று, கண்ணைத் தாழ்த்தி, மடங்கிக் குனிந்தாள். மனத்தாங்கல் அன்றைக்குப் பிறந்தது.

வருஷங்கள் போயின. ஹிசானோக்கா நன்றாகவே தேறினாள். டோஃபு தொட்டி தூக்குகிற தோள், சோயா மாவு பிழிகிற மணிக்கட்டு. வேகம் கிடையாது, ஆனால் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் ஒரு சின்ன அடி வந்து மணிக்கட்டில் உட்காரும். ஐஸ் மாதிரி இருக்கும் மாசி மாதத் தரையைத் துடைக்கிறபோது மற்றவர்கள் முனகுவார்கள். இவள் துணியை அழுத்திக்கொண்டு குதிரைக்குட்டி மாதிரி ஓடுவாள். “என் கடைத் தண்ணியில ஒரு நாள் கையை வெச்சுப் பாருங்க, இது வெந்நீர்” என்பாள். யாராவது தோற்றுப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், “என்ன, என் டோஃபு மாதிரி வெளுத்துப் போயிட்டே?” என்பாள். பழைய சந்துக்காரர்கள் எப்போதோ அவள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். எப்போது, எதனால் என்று அனாய் யோசித்ததில்லை. அவன் அப்பாகூட ஒரு புத்தாண்டுக்கு அவள் கொண்டு வந்த டோஃபுவை வாங்கி வைத்துக்கொண்டார். கிழவருக்கு வயதாகிறது, மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மாஸ்டரிடம் ஒரே ஒரு முறை கேட்டான். “அந்தக்கா எனக்கு மட்டும் தப்பாக் குனியுறாங்க. நீங்க சொல்லக் கூடாதா?”

மாஸ்டர் கவசத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அது உங்க ரெண்டு பேர் விஷயம்,” என்று போய்விட்டார்.

இதற்கு என்ன அர்த்தம்? அவனுக்குப் புரியவில்லை. புரியாததை எல்லாம் அவமானத்தில் சேர்த்துக்கொள்கிற ஆள் அவன்.

போன இலையுதிர் காலத்தில் ஹிசானோக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுக்க முடியாத இடமாம். ஃபுகுவோகாவில் இருக்கிற மகன் வந்து கடையை மூடினான். அவள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை கடைசியாகக் கூடத்துக்கு வந்தாள். கவசம் அவள் மேல் தொங்கியது. எல்லாரோடும் ஒரு சுற்று நின்றாள். அடி வாங்குகிறவர்கள் அழுதுகொண்டே வாங்கினார்கள், முகக்கூட்டுக்குள் யாருக்குத் தெரியப் போகிறது.

அனாயின் முறை வந்தது. அவன் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தான். இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி இல்லை.

“ஹிசானோக்கா,” என்றான் தாழ்ந்த குரலில். “இன்னைக்காவது என்னைப் பாத்து குனிங்க.”

“இத்தனை நாளா யாரைப் பாத்துக் குனிஞ்சேனாம்?”

“தரையைப் பாத்து.”

கம்பிகளுக்குப் பின்னால் அவள் பல் தெரிந்தது. “அது உங்களுக்குன்னு தனியா வெச்சது, தம்பி. மாத்த மாட்டேன்.”

“மத்த எல்லாருக்கும் சரியாக் குனியறீங்க. எனக்கு மட்டும் ஏன்?”

“உங்களுக்கு மட்டும்தான்,” என்றாள். கண்ணைத் தாழ்த்தி, மடங்கிக் குனிந்தாள். கட்டி இருந்த வயிற்றோடு, வழக்கத்தைவிட அதிகமாகவே.

அனாய்க்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தாடையை ஒரு விரல் அளவு அசைத்தான், அதுதான் அவன் கொடுத்த வணக்கம். ஏனோதானோ என்று வாளைச் சுற்றினான். முடிந்ததும் கவசத்தை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு, எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து அவளை வழியனுப்புமுன்னே வெளியே போய்விட்டான். வெளியே ஆற்றங்கரையில் பைக்கை உதைத்தபோது உள்ளேயிருந்து “நன்றி” என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிற சத்தம் கேட்டது. அதில் அவன் குரல் மட்டும் இல்லை.

அடுத்த வாரம் தலை முடி காதை மூடியது. ஊரில் முடி வெட்டுகிறவர் கஜிவாரா மாஸ்டர்தான். ஒரு வாரம் தள்ளிப் போட்டுப் பார்த்தான். மில்லில் பயல்கள் “அனாய் அண்ணே, கிட்டார் வாங்கித் தரவா?” என்று கேட்க ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் போனான்.

மாஸ்டர் ஒன்றும் பேசாமல் முடியை வெட்டினார். நாற்காலியைச் சாய்த்தார். சோப்பு நுரை போட்டார். கத்தியைத் தொண்டையில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அன்னைக்கு ஏண்டா அப்படி எழுந்து போனே?”

அனாய் எழப் பார்த்தான்.

“அசையாதே. கத்தி புதுசு.”

“என்னை அவங்க ஆளா மதிக்கல, மாஸ்டர். கடைசி நாள்கூட. சுவருக்குக் குனியற மாதிரிதான் குனிஞ்சாங்க.”

கத்தி நின்றது. “நீ நிஜமாத்தான் சொல்றியா?”

“பின்ன?”

மாஸ்டர் கத்தியைத் துண்டில் துடைத்தார். கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். “அந்தம்மா முதல் நாள் வாசல்ல வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? ‘இங்க எல்லாரும் எல்லாருக்கும் குனிஞ்சே ஆகணுமாமே, நிஜமா?’ன்னு கேட்டாங்க. ஆமா, அது கூடத்துச் சட்டம்னேன். ‘அப்ப சேத்துக்கங்க, வாள் கீள் எல்லாம் எப்படியோ கத்துக்கிறேன்’னாங்க. ஒரு வருஷமா ஒருத்தன் அவங்களுக்குக் குனியலடா. சட்டத்துக்காவது குனியட்டுமேன்னு வந்த பொம்பளை.”

மாஸ்டர் கத்தியை மறுபடி அவன் தொண்டையில் வைத்தார்.

“அப்ப உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சும்மா ஒரு சாய்வு சாய்ஞ்சா போதும்னு நினைச்சேன். நீ என்ன பண்ணினே? சாமிக்குக் குனியற மாதிரி குனிஞ்சே. கண்ணைத் தரையில போட்டு, அப்படியே நின்னே. அவங்களால உங்க வீடு எரிஞ்சிருக்கு, நீ போய் அந்தக் குனிவு குனியறே! நானே அசந்துட்டேன். அன்னையிலிருந்து அவங்க அதை உனக்குத் திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருக்காங்க. இது உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்.”

‘இடுப்பு’ என்கிற சொல் அனாயின் தொண்டை வரைக்கும் வந்தது. தொண்டையில் கத்தி இருந்தது. அது உள்ளேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மசூமியிடம் சொன்னான். அவள் உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“அன்னைக்கா! நீ வாசல்ல இருந்து நாலு கால்ல தவழ்ந்து வந்தியே! கக்கூசுக்குக்கூட நான்தானே… ஐயோ. ஊரெல்லாம் உன்னைப் பெரிய மனுஷன்னு சொல்லிச்சே, நான்கூட எதுக்குன்னு யோசிச்சேன்!”

“சிரிக்காதே.”

“சரி, சிரிக்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. “அவங்ககிட்ட போய்ச் சொல்லிடாதே.”

“சொல்லாம எப்படி? பொய் மேல இத்தனை வருஷம் குனிஞ்சிருக்காங்க. நான் வேற கடைசி நாள்ல மூஞ்சியைக் காட்டிட்டு வந்துட்டேன்.”

“உனக்கு மனசு ஆறணும்னு சொல்லப் போறியா, அவங்களுக்கு நல்லதுன்னு சொல்லப் போறியா? போற நேரத்துல கையில இருக்கிறதைப் பிடுங்காதே. போ, நல்லாக் குனிஞ்சுட்டு வா. அன்னைக்கு இடுப்பு குனிஞ்சுது. இன்னைக்கு நீ குனி.”

மசூமி பேசினால் அப்படித்தான். ஒரு நேரம் போல இருக்காது.

ஆஸ்பத்திரியில் நாலு கட்டில் அறை. மில்லிலிருந்து நேராகப் போனான், சட்டையெல்லாம் மரத்தூள். கையில் ஒரு பை பேரிக்காய். ஊர்ப் பேரிக்காய், பெரிசு பெரிசாக. ஹிசானோக்கா ஜன்னல் ஓரக் கட்டிலில் மட்டமாகப் படுத்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள், கண் மட்டும் அப்படியே இருந்தது.

“பேரிக்காயா? நான் தண்ணியே கஷ்டப்பட்டுக் குடிக்கிறேன். அந்தக் கட்டில் பாட்டிம்மாக்குக் கொடுங்க, அவங்க நேத்திலிருந்து என் தட்டையே பாக்கிறாங்க.”

“எனக்குக் காது கேக்கும்,” என்றது பக்கத்துக் கட்டில். கையையும் நீட்டியது.

அனாய் பையை அங்கே கொடுத்துவிட்டு வந்தான். கட்டிலுக்கு எதிரே வந்து நின்றான். காலைச் சேர்த்து வைத்தான். கையைத் தொடையில் வைத்து, இடுப்பை மடக்கி, கண்ணைத் தரையில் போட்டுக் குனிந்தான். தரை வெளிர் பச்சையாக, ஒரு முடிச்சும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. அவள் வீடு வீடாக வந்த காலை, சாத்தின கதவு, எழுந்து போன சனிக்கிழமை எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்படியே நின்றான். யாரும் அவனை அங்கே பிடித்து வைத்திருக்கவில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. “இடுப்பு பத்திரம், தம்பி. அன்னைக்கு மாதிரி மாட்டிக்கப் போகுது.”

அனாய் விசுக்கென்று நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்தில் நிஜமாகவே சுருக்கென்றது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“டோஃபுத் தொட்டி தூக்கறவளுக்கு இடுப்புப் பிடிப்பு தெரியாதா? நீங்க நிமிரும்போது ஒரு சத்தம் போட்டீங்களே. மாஸ்டர் நல்ல குரல்னாரு. நான் பிள்ளை பெத்தவ. எது என்ன சத்தம்னு எனக்குத் தெரியாதா?”

பக்கத்துக் கட்டிலில் பேரிக்காய் கடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

“அப்ப எதுக்கு,” அனாய்க்கு நாக்கு குழறியது, “எதுக்கு இத்தனை வருஷமா எனக்கு மட்டும் அப்படிக் குனிஞ்சீங்க?”

ஹிசானோக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். மூச்சு வாங்கியதால் விட்டு விட்டு வந்தது.

“அன்னைக்குக் கூடத்துல இருந்த எல்லாரும் பாத்தாங்க. அனாய் வீட்டுப் பையனே குனிஞ்சுட்டான்னு பாத்தாங்க. மறுநாள் அரிசிக்கடைக்காரர் தெருவுல எனக்குத் தலையை அசைச்சாரு. அதுக்கப்புறம் தானோ. அப்புறம் ஒவ்வொருத்தரா. உங்கப்பா காதுக்கும் போயிருக்கு. அவர் என் டோஃபுவைக் கையில வாங்கின அன்னைக்கு, நான் நாலு வீடு தள்ளிப் போய்த்தான் அழுதேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க வெளியே வந்து, ‘அது அவளுக்குக் குனிஞ்சது இல்லப்பா, எனக்கு இடுப்பு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். எல்லாம் கலைஞ்சிருக்கும். இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லவே இல்ல.”

“வெக்கம்,” என்றான் அனாய். “வெக்கத்துல சொல்லல. உங்களை நினைச்சு இல்ல.”

“தெரியும். அதனால என்ன? ஒருத்தர் வெக்கத்துல நான் பத்தொன்பது வருஷம் டோஃபு வித்தேன். அதுக்குக் குனிய மாட்டேனா?” அவள் உதடு ஓரத்தில் சுருங்கியது. “அதோட, உங்க கண்ணைப் பாத்தா அந்தச் சத்தம் ஞாபகம் வந்துடும். முகக்கூட்டுக்குள்ள சிரிச்சா மூச்சு முட்டும், தம்பி. தரையைப் பாக்கிறதுதான் எனக்கு நல்லது.”

அனாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். மரத்தூள் என்றான்.

“நான் உங்களைச் சுவரா நினைக்கிறேன்னு நீங்க வருத்தப்பட்டதா மாஸ்டர் வந்து சொன்னாரு. நீங்க அப்படி எடுத்துக்குவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. முட்டாள் பொம்பளை நான். சொல்லியிருக்கணும்.” கம்பளிக்கு மேலே இருந்த கையைத் தொடைப் பக்கமாக நகர்த்தினாள். முதல் நாள் மாஸ்டர் சொல்லிக் கொடுத்த இடத்துக்கு. “இப்ப நீங்க நிஜமாவே குனிஞ்சுட்டீங்க. நானும் எதிரே வாளோட நிக்கிற ஆளுக்குக் குனியற மாதிரி குனியறேன். கண்ணை எடுக்க மாட்டேன். சிரிப்பு வந்தா வரட்டும்.”

“படுத்திருங்கக்கா. வேண்டாம்.”

“படுத்துக்கிட்டு யாராவது குனிவாங்களா? கட்டிலைத் தூக்குங்க.”

கட்டில் ஓரத்தில் ஒயரில் தொங்கிய ஒரு சின்னக் கட்டை. அதில் நாலு பொத்தான். அனாயின் விரல் மரம் தூக்கி மரமாகவே ஆன விரல், மூக்குக்கண்ணாடியோ மில்லிலேயே கிடந்தது. ஒன்றை அமுக்கினான். உறுமிக்கொண்டு கால்பக்கம் மேலே எழுந்தது. ஹிசானோக்காவின் முழங்கால் கம்பளியோடு மலை மாதிரி உயர்ந்து அவள் முகத்தை மறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் வந்தது, இருமலும் சிரிப்புமாக. பக்கத்துக் கட்டில் பாட்டியும் வாயில் பேரிக்காயோடு சிரித்தாள்.

“தலைப்பக்கம், தம்பி,” என்றாள் ஹிசானோக்கா. “தலைப்பக்கத்தைத் தூக்குங்க.”

அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். அனாய் காலை இறக்கினான். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, சரியானதைக் கண்டுபிடித்து அமுக்கினான். அவள் முகம் மெல்ல மெல்ல மேலே வந்து தன் முகத்துக்கு நேராக நிற்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.